சாரல் அழித்த சக்கர எண்கள்

ராவுத்தரே,

இன்று காலை ஜட்காவின் சக்கரக் குடத்துக்கு எண்ணெய் விட்டேன். விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பலைக் குழைத்து, குச்சியால் உள்ளே தள்ளி, சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டேன். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவியும் அந்த வாடை விரலை விட்டுப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே வாடை. "இன்னைக்கு என்ன, வண்டியத் தின்னுட்டு வந்தீகளா?" என்று வீட்டில் கேட்டாள். சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். வெளியே இந்த வருடத்து முதல் சாரல் போட்டுக்கொண்டிருந்தது. உம்மிடம் பேச வேண்டும் போல இருந்தது. நீர் போய் ஆறு மாதம் ஆகிறது.

உமக்குக் கடிதம் எழுதுவதில் முன்பெல்லாம் ஒரு சங்கடம் இருந்தது. உமக்கு எழுத்து வாசனை கிடையாது. யாராவது வாசித்துச் சொன்னால்தான் உண்டு. உம் மகளுக்குக் கல்யாணம் பேசிய சமயம் நான் எழுதிய கடிதத்தை டீக்கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, மாப்பிள்ளை வீட்டு விஷயம் அத்தனையும் பஸ் நிலையம் முழுக்கப் பரவியது நினைவிருக்கிறதா? இப்போது அந்தத் தொல்லை இல்லை. நான் எழுதுவது நேரே உம் காதில் விழும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வண்டிக் காட்சிசாலையைப் பார்க்க வருகிறவர்கள், இது குற்றாலத்தில் அல்லவா இருந்தது, எப்படித் தென்காசிக்கு வந்தது என்று இன்றும் கேட்கிறார்கள். சாரலில் வண்டிகள் கெட்டுப்போயின, அதனால் இடம் மாற்றினோம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். முழுக் கதையும் சொல்வதென்றால் உம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நம் முதலாளி ஐயா அந்த வண்டிகளைச் சேர்க்கத் தொடங்கியபோது ஊரே சிரித்தது. பஸ் ஓட ஆரம்பித்த பிறகு வில்வண்டியும் குதிரை பூட்டும் ஜட்காவும் தொழுவங்களில் கிடந்தன, கோழிகள் அடைந்தன. ஐயா ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி வந்தார். ஒரு பல்லக்கு, எந்தத் துரையோ விட்டுவிட்டுப் போன நாலு சக்கரச் சாரட்டு, ஆளுயர முன்சக்கரம் வைத்த ஒரு சைக்கிள், இவற்றோடு ஆறு இரட்டைச் சக்கர வண்டிகள். குற்றாலத்துப் பங்களாவுக்குப் பின்னால் கொட்டகை போட்டு எல்லாவற்றையும் நிறுத்தினார். சீசனில் அருவியில் குளித்தவர்கள் ஈரத் தலையும் எண்ணெய் மினுக்கமுமாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான் அங்கே கிளார்க்கு, நீர் ஐயாவின் கார் டிரைவர். பிற்பாடு நீர் பஸ்ஸுக்குப் போய்விட்டீர். செங்கோட்டைக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவே நாள்தோறும் போய் வந்துகொண்டிருந்தீர். அப்படியும் ஓய்வு நாளில் கொட்டகைக்கு வந்து என்னைக் கேலி செய்யாமல் உமக்குப் பொழுது போகாது.

குற்றாலத்துச் சாரல் மனிதருக்கு நல்லது, மரத்துக்கு ஆகாது. மெத்தைகளில் பூஞ்சை பிடித்தது. பல்லக்கின் கால் ஒன்றைக் கறையான் தின்றது. ஐயா தென்காசியில் ரயிலடிக்குப் போகிற சாலையில் ஓடு வேய்ந்து ஒரு கட்டடம் கட்டினார். ஓடு வேய்ந்து முடிந்த மாதமே கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகுதான் அவருடைய தம்பி, நாம் சின்னய்யா என்று கூப்பிடுகிறவர், அந்தக் கட்டடத்தில் தம்முடைய புளி மூட்டைகளை அடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தார். ஐயாவின் சம்சாரம், நம் அம்மாள், விடவில்லை. கடைசியில் சொந்தக்காரர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆனி முடிவதற்குள் வண்டிகள் எல்லாம் புதுக் கட்டடத்தில் முழுதாக நிற்க வேண்டும். நின்றால் கட்டடம் வண்டிகளுக்கு. நிற்காவிட்டால் ஆடி முதல் தேதி புளி மூட்டை இறங்கும். அதற்குள் குற்றாலத்துக் கொட்டகையும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே புளி மூட்டை இறங்கினால் வண்டிகள் போக வேறு இடம் இல்லை. மரம் விறகுக்கும் இரும்பு கொல்லன் பட்டறைக்கும் போகும். சின்னய்யா அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

ஆடியில் நாங்கள் குடி மாற மாட்டோம், புது இடத்தில் எதையும் கொண்டு வைக்க மாட்டோம். வண்டிகளுக்கும் அதே வழக்கம்தான் என்று அம்மாள் சொல்லிவிட்டாள். "எங்களுக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது. எங்கிட்டச் சொல்லியிருந்தா சித்திரையிலயே வெயில்ல காயக் காயக் கொண்டு போயிருப்பேன்" என்று நீர் சிரித்தீர். சித்திரையில் கட்டடத்துக் கதவு வரவில்லை. வைகாசியில் அம்மாள் வீட்டில் ஒரு துக்கம். எல்லாம் தள்ளித் தள்ளி ஆனிக் கடைசி வாரத்தில் வந்து நின்றது. குற்றாலத்தில் சாரல் உச்சத்தில் இருக்கிற வாரம் அது. நீர் பஸ்காரரிடம் லீவு சொல்லிவிட்டு வந்தீர்.

கொட்டகையிலிருந்து சாலைக்கு வருகிற சந்து குறுகலானது. வண்டிகளை முழுதாகத் திருப்ப முடியாது. சக்கரங்களைக் கழற்றி, நுகத்தடிகளைக் கழற்றி, கூண்டுகளைத் தனியாக எடுத்து, வாடகை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போவதென்று தீர்மானித்தோம். வண்டி மேல் வண்டி ஏறிப் போவதைப் பார்க்க அருவிக்கரையிலிருந்து ஜனங்கள் துண்டோடு ஓடி வந்தார்கள்.

கழற்றுவதற்கு முந்தின நாள் நீர் ஒரு கட்டுத் தேங்காய்நார்க் கயிறு கொண்டு வந்தீர். ஜட்காவின் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரு முடிச்சு, அடுத்த வண்டிக்கு இரண்டு முடிச்சு, இடது பக்கத்துச் சக்கரமானால் கயிற்றின் நுனியைத் தீயில் கருக்கிவிடுவது. இதுதான் உம் யோசனை. கையால் தடவிப் பார்த்தாலே தெரியும் என்றீர்.

நான் சிரித்தேன். சும்மா சிரிக்கவில்லை, நாலு கூலியாட்களுக்கு முன்னால் சிரித்தேன். "நாலெழுத்துப் படிச்சவன் ஒருத்தன் இங்கன நிக்கும்போது முடிச்சு எதுக்கு வே? இது என்ன ஆட்டுச் சந்தையா?" என்றேன். சாக்பீஸால் ஒவ்வொரு சக்கரத்திலும் நம்பர் போட்டேன். நோட்டில் அதே நம்பரை எழுதி, எதிரே வண்டியின் பெயர், இடது, வலது, குறிப்பு என்று கோடு போட்டு எழுதினேன். என் கையெழுத்தின் அழகை நானே இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். நீர் கயிற்றுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி வே. படிச்சவரு சொன்னாச் சரிதான்" என்று போய்விட்டீர். உம் குரலில் வருத்தம் இருந்ததா என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஏற்றினோம். தார்ப்பாய் மூன்றுதான் இருந்தது. பல்லக்குக்கு ஒன்று, மெத்தைகளுக்கு ஒன்று, சாரட்டுக்கு ஒன்று. சக்கரங்களுக்கு எதற்குத் தார்ப்பாய், அவை பார்க்காத மழையா என்று நான்தான் சொன்னேன். ஏற்றும்போது வானம் வெளுத்திருந்தது. சந்து வாயைத் தாண்டினோமோ இல்லையோ, சாரல் பிடித்துக்கொண்டது. அடித்துப் பெய்கிற மழையானால் எனக்கு உறைத்திருக்கும். பூப்போல விழுகிற சாரலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீரும் நானும் கடைசி வண்டியில் குடைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தோம்.

தென்காசியில் சக்கரங்களை இறக்கிச் சுவரில் சாய்த்த பிறகு நோட்டை விரித்தேன். முதல் சக்கரத்தைப் பார்த்தேன். ஈர மரம். அடுத்ததைப் பார்த்தேன். ஈர மரம். பன்னிரண்டு சக்கரங்களிலும் ஒரு வெள்ளைப் பொட்டுக்கூட இல்லை. சாரட்டின் சக்கரங்கள் அளவில் பெரியவை, அவை தெரிந்துவிடும். மற்ற ஆறு வண்டிகளும் இந்த வட்டாரத்தில் செய்தவை, எல்லாம் ஒரே உயரம், ஒரே ஆரக்கால் கணக்கு. நோட்டை மூடினேன். எதிரே இருந்த இரண்டை எடுத்து ஜட்காவின் அச்சில் மாட்டச் சொன்னேன். தள்ளியதும் மூன்று முழம் போனது, ஒரு பக்கம் நொண்டியது, உள்ளே மரம் கிறீச்சிட்டது. "நிறுத்தும் வே! அச்சு முறிஞ்சா அதோட போச்சு" என்று நீர் ஓடி வந்து பிடித்தீர்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னய்யா உள்ளே வந்தார். சுவரோரத்துச் சக்கரங்களையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவே, எது எதுக்குள்ளதுன்னு தெரியலையோ? சாக்பீஸ்ல நம்பர் போட்டிருக்குன்னாங்க. சாரல்ல சாக்பீஸ் நிக்குமா? எந்த மடையன் பாத்த வேலை இது?"

நோட்டு என் கையில்தான் இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. என் வேலை, என் பிள்ளைகள், அம்மாள் என் மேல் வைத்த நம்பிக்கை எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"நான்தான் எசமான். நான்தான் சாக்பீஸ்ல போட்டேன். புத்தி கெட்டுப்போச்சு" என்று நீர் சொன்னீர்.

சின்னய்யா உம்மைத் திட்டியதை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. கூலியாட்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நீர் தலையைக் குனிந்துகொண்டீர். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். உம்முடைய குனிவு வேறு, என்னுடையது வேறு. இன்னும் மூன்று நாள்தான், வெள்ளிக்கிழமையோடு ஆனி முடிகிறது என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மாலையில் அம்மாளிடம் விஷயத்தைச் சொல்லப் போனேன். சக்கரங்கள் கலந்துபோனதைச் சொன்னேன். யார் நம்பர் போட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ராவுத்தர் எழுதினாராமே?"

நான் துண்டை மடித்து மடித்துப் பிரித்தேன்.

"ஐயா கிட்ட எட்டு வருசம் கார் ஓட்டுனாரு. எந்தக் காயிதம் கொண்டு போனாலும் பெருவிரலத்தான் நீட்டுவாரு. அந்த மனுசன் நம்பர் போட்டேங்காரு, நீரும் அத கேட்டுட்டு நிக்கீராக்கும்." என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி, போய் ஆக வேண்டியதப் பாரும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. வழியெல்லாம் என் செருப்புச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் நீர் செய்த காரியம் எனக்கு முதலில் புரியவில்லை. "வண்டிக்கு எது சக்கரம்னு வண்டிய ஓட்டுனவனக் கேக்கணும் வே. நோட்ட என்ன கேக்கது?" என்று சொல்லிவிட்டு, லீவை ரத்து செய்து பஸ்ஸை எடுத்தீர். என்னையும் கூட ஏற்றிக்கொண்டீர். ஒவ்வொரு ஊரிலும் பஸ்ஸை நிறுத்தி, அந்த ஊரிலிருந்து வந்த வண்டியை முன்பு ஓட்டியவர் எங்கே என்று விசாரித்தோம். பாசெஞ்சர்கள் முணுமுணுத்தார்கள். "அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம். ஒரு உசிர் காரியம்" என்று அவர்களைச் சமாளித்தீர்.

அந்த மனிதர்களிடம் உதவி கேட்பது உமக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பஸ் வந்துதானே அவர்கள் வண்டி நின்றது? பஸ்ஸை ஓட்டியவர் நீர். ஆலங்குளத்து ஜட்காக்காரர் உம்மோடு பேசியே நாலு வருடம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் உம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. எங்கூடத் தென்காசிக்கு வரணும்."

"ஒம் பஸ்ல ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். போவும்."

"ஏறாண்டாம். ஆனா உம்ம ஜட்காச் சக்கரத்தத் தூக்கி வேற எவன் வண்டியிலயோ மாட்டப் போறாவ. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." நீர் திரும்பி நடந்தீர்.

"எவம்லே மாட்டுதவன்?" என்று அவர் துண்டை உதறி எழுந்தார். பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் உமக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். தென்காசி வரும்வரை நீர் கியர் போடும் விதத்தில் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தார். உம்முடைய முதுகைப் பார்த்தே நீர் சிரிக்கிறீர் என்று எனக்குத் தெரிந்தது.

புளியறை வண்டிக்காரருக்குச் செங்கோட்டையிலிருந்து ஆள் அனுப்பினோம். அவர் எல்லையிலிருந்த சுங்கச் சவுக்கையைத் தாண்டி நடந்தே வந்தார். வியாழக்கிழமை காலையில் ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆறாவது வண்டியை ஓட்டியவர் உயிரோடு இல்லை. ஐந்துக்கும் சரியாக வந்தால் மிச்சம் இரண்டும் ஆறாவது வண்டிக்குத்தானே என்றீர். நான் படித்த கணக்கு எனக்கு முன்னால் உம் வாயில் வந்தது.

ஜட்காக்காரர் சக்கரங்களைக் கண்ணால் பார்க்கவே இல்லை. வரிசையாகக் குடத்துக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்துகொண்டே போனார். நாலாவதில் நின்றார். "விளக்கெண்ணெயில வைக்கோல் சாம்பல். என்னத் தவிர எவன் போடுவான்? மத்தவன்லாம் வெறும் எண்ணெயல்லா விடுவான்." இன்னொன்றையும் அப்படியே கண்டுபிடித்தார். அந்தச் சேர்மானத்தை அன்றைக்குத்தான் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

புளியறைக்காரர் சக்கரத்தின் விளிம்பில் போட்ட இரும்புப் பட்டாவைத் தடவினார். "மலைப்பாதையில எறங்கும்போ இடது பக்கத்துச் சக்கரம் பாறையில ஒரசும், கேட்டீரா? வெளிப்பக்கம் தேஞ்சிருக்கணும். இன்னா, இதாக்கும். வெறுதே சொல்லல, தொட்டுப் பாரும்." தொட்டுப் பார்த்தேன். கத்தி விளிம்பு போல இருந்தது. இத்தனை வருடம் தினமும் துடைத்த சக்கரம் அது. எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குள் ஒரே ஒரு சக்கரத்தில்தான் தகராறு பாக்கி, அதற்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். இருவரும் எழுபதை நெருங்கினவர்கள். கையை ஓங்கிவிடுவார்களோ என்று நான் பயந்தேன். நீர்தான் நடுவில் புகுந்து, "ரெண்டு அச்சுலயும் மாட்டிப் பாப்போம், அது எங்க போய் உக்காருதோ அங்க இருக்கட்டும்" என்றீர். முதல் அச்சில் அது ஆடியது. இரண்டாவதில் ஏறியதும் சத்தமில்லாமல் சுற்றி நின்றது. தோற்றவர் அந்தச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். "எனக்கு வயசாயிட்டு போல" என்று சொல்லிவிட்டு, ஜெயித்தவரிடமே பொடி மட்டையைக் கேட்டு வாங்கி ஒரு சிட்டிகை உறிஞ்சினார். ஒதுங்கிக் கிடந்த மூன்றில் தம்முடையதையும் அவரே தேடி எடுத்தார், மிச்சம் இரண்டும் ஆறாவது வண்டிக்குப் போயின.

வெள்ளிக்கிழமை காலை முழுக்கக் கூண்டு ஏற்றுவதும் நுகத்தடி பூட்டுவதுமாகப் போனது. நீர் பன்னிரண்டு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு ஜும்மாவுக்குப் போனீர். திரும்பி வரும்போது கடைசி வண்டிக்குக் கடையாணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பல்லக்கு, சாரட்டு, சைக்கிள், ஆறு வண்டிகள். அத்தனையும் நின்றன. ஜட்காக்காரர் தம் வண்டியின் ஏறுபடியில் உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களிடம் அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று நாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

சின்னய்யா ஒவ்வொரு வண்டியாகத் தள்ளிப் பார்த்தார். சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை அவர். "சரி மதினி. கட்டடம் வண்டிக்குத்தான். ஒண்ணே ஒண்ணு. அந்த டிரைவர் இனிமே இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது. இன்னொரு தடவ சாக்பீஸத் தூக்கிட்டு வந்திருவான்" என்றார்.

நீர் அதற்கும் தலையாட்டினீர். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டீர். வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டீர்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "சாக்பீஸ்ல எழுதினது நான்." மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். ஓட்டுக்கூரையில் அது எதிரொலித்தது. "ராவுத்தர் கயித்துல முடிச்சுப் போடலாம்னாரு. நான் கேலி பண்ணினேன். சக்கரத்துக்குத் தார்ப்பாய் வேண்டாம்னதும் நான்தான். அன்னைக்கு இவர் திட்டு வாங்கும்போது பக்கத்துல நின்னதும் நான்தான்."

ஜட்காக்காரர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். சின்னய்யா என்னைப் பார்த்தார், பிறகு உம்மைப் பார்த்தார். "அப்பம் நீரு ஏன்யா வாங்கிக் கட்டிக்கிட்டீரு?" என்று உம்மைக் கேட்டார்.

"எனக்கு என்ன எசமான், திட்டுத்தானே? ஒருத்தன் திட்டாம நான் பஸ் எடுத்த நாளே கெடையாது. இவருக்கு வேல போயிரும்லா" என்றீர், வாசலில் நின்றபடியே.

யாரோ சிரித்தார்கள். சின்னய்யாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அம்மாள் மட்டும் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. "காப்பி ஆறுது. ரெண்டு பேரும் வந்து குடிங்க" என்றாள். அந்தக் காப்பி ஆறித்தான் இருந்தது. அதற்கு மேல் ருசியான ஒன்றை நான் குடித்ததில்லை.

வெளியே வந்த பிறகு நீர் என்னைக் கோபித்துக்கொண்டீர். "ஏம்வே சொன்னீரு? எல்லாம் நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துது?"

"மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்லை" என்றேன்.

"நான் நல்லாத் தூங்கினேன்" என்றீர். அவ்வளவுதான். அதன் பிறகு உம் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததே இல்லை. கயிறு கொண்டு வந்தேனே, கேட்டீரா என்று ஒரு தரம்கூட இடித்துக் காட்டவில்லை. நானாக இருந்தால் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

நீர் கடைசியாக வந்தது கார்த்திகையில். யுத்தத்தால் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி உலையைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தீர். முகமெல்லாம் கரி. "முதுகுல அடுப்பக் கட்டிக்கிட்டு ஓடுது வே. இதையும் உம்ம கொட்டகையில வாங்கி வச்சிரும்" என்று சிரித்தீர், சிரிப்பின் நடுவே இருமினீர். அந்த இருமல் மார்கழியோடு உம்மைக் கொண்டுபோய்விட்டது. உம்மை அடக்கம் செய்த அன்று ஜட்காக்காரரின் மகன் வந்திருந்தான். அப்பாவால் நடக்க முடியவில்லை, நீ போய் நில்லு என்று அனுப்பினாராம்.

ஒரு சமாசாரம் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். போன மாதம் ஒரு மத்தியானம் கோடை மழை அடித்துப் பெய்தது. காவலாளி ஜன்னலைச் சாத்த மறந்து ஊருக்குப் போய்விட்டார். பல்லக்கு மெத்தை முழுக்க நனைந்துபோயிற்று. சின்னய்யாதான் இப்போது காட்சிசாலையை மேற்பார்வை பார்க்கிறார். உம்மால் நம்ப முடியாது, என்னைவிட அதிகமாக அந்த வண்டிகளைத் துடைக்கிறவர் அவர்தான். மறுநாள் வந்து பார்த்ததும் அதே பழைய குரலில் கத்தினார். "எவன் பாத்த வேல இது?"

காவலாளி மூன்று பெண்களைப் பெற்றவர். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். உதடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், ராவுத்தரே.

"நான்தான். ஜன்னலைச் சாத்த மறந்துட்டேன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. செய்த தப்பைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. செய்யாத தப்பு, வாயைத் திறந்ததும் தானாக வந்துவிட்டது.

சின்னய்யா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீரு நேத்து முழுக்க ஆலங்குளத்துலல்லா இருந்தீரு? நான்தானே அனுப்பினேன்?"

அவர் என்னை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். நீர் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தீரே, அந்த வாசலை. பிறகு காவலாளியைக் கூப்பிட்டு, "மெத்தைய வெயில்ல போடும்வே" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு முனையை அவரே தூக்கினார்.